வீட்டில் தீநீர் இறக்கும்போது சூடு தப்பினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஓமத்தைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, கிளம்பும் ஆவியைக் குளிரவைத்துச் சொட்டுச் சொட்டாகப் பிடிப்பதுதான் ஓமத் தீநீர். அதை வீட்டிலேயே இறக்கிப் பார்க்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை டிகிரியில வைக்கணும்?" என்றுதான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். வெப்பமானியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், அது அசையாது, தீயைக் கூட்டுவேன், கருகிவிடும். இந்தக் கேள்வியே தவறு என்று புரிய எனக்கு இரண்டு கோடைகள் ஆயின.

பாத்திரத்துக்குள் இருப்பது தண்ணீர். அது கொதிக்கத் தொடங்கிவிட்டால், தீயைக் கூட்டினாலும் குறைத்தாலும் சென்னையில் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். தீயைக் கூட்டினால் ஆவி அதிகமாகக் கிளம்பும், குறைத்தால் கொஞ்சமாகக் கிளம்பும், அவ்வளவுதான். அடுப்புத் திருகு வேகத்தை மாற்றும், சூட்டை மாற்றாது. சூடு என்று நாம் புலம்புகிற கோளாறுகளில் பாதிக்கு மேல், அடுப்பு உள்ளே தள்ளும் வெப்பத்தைக் குளிர்நீர் (ஆவியை ஆற்ற வைக்கும் பக்கெட் தண்ணீர்) வெளியே எடுக்க முடியாமல் திணறுவதால் வருபவை.

சித்த மருத்துவ முறையில் தீயை டிகிரியால் அளக்கவில்லை. தீபாக்கினி, கமலாக்கினி, காடாக்கினி என்று தீயின் உருவத்தைச் சொன்னார்கள்: விளக்குச் சுடர் போல, தாமரைப் பூ போல, காட்டுத்தீ போல. வாலை என்ற வடிக்கும் பாத்திரத்தை வைத்து வடிக்கிறவருக்கு அது போதுமான அளவு. தீயின் அளவை அவர் கையில் வைத்திருந்தார். சூட்டின் அளவை அவர் கேட்கவே தேவையில்லை, அதைத் தண்ணீரே பார்த்துக்கொண்டது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வடிப்பது பற்றித் தேடினால் "78 டிகிரியில் நிறுத்து" என்ற குறிப்பு எங்கும் கண்ணில் படும். அது எத்தனாலின் கொதிநிலை, சாராயக் கணக்கு. தீநீருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வீட்டில் சாராயம் காய்ச்சுவது 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. மெத்தனால் 64.7 டிகிரியில் கொதிக்கும், அந்தச் சூட்டைத் தாண்டவிட்டால் விஷம் போய்விடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். கலவையில் அப்படிப் பிரியாது. எத்தனாலோடு சேர்ந்து தொடர்ந்து வந்துகொண்டேதான் இருக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்தது. வெப்பமானியை நம்பி யாரும் அந்தப் பக்கம் போகவேண்டாம். இந்தப் பாத்திரத்தில் ஸ்பிரிட்டையோ, சாராயம் கலந்த எதையுமோ ஊற்றிச் சூடாக்கவும் வேண்டாம். அந்த ஆவி கேஸ் அடுப்பில் பற்றிக்கொள்ளும்.

என்னிடம் இருப்பது ஒரு 5 லிட்டர் குக்கர். வெயிட்டை எடுத்துவிட்டு, அது உட்காரும் குழாயில் உணவுத் தர சிலிக்கான் குழாய் ஒரு சாண் நீளம், அதற்கப்பால் செம்புக் குழாய்ச் சுருள், சுருள் ஒரு பக்கெட் தண்ணீருக்குள். 200 கிராம் ஓமம் இரவே ஊறப்போட்டு, காலையில் மொத்தம் இரண்டரை லிட்டர் தண்ணீரோடு வைப்பேன், 1 லிட்டர் இறக்குவேன். கீழே சொல்லும் எண்கள் இந்த அமைப்புக்கானவை. உங்களுடையது சின்னதாக இருந்தால் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள்.

குழாய் முனையில் சொட்டுக்குப் பதில் ஆவி வருகிறது, வரும் தீநீர் கைசுடுகிறது

சென்னையில் அதிகம் வரும் கோளாறு இதுதான். மார்கழியில் ஒழுங்காக இறங்கிய அதே பாத்திரம் அக்கினி நட்சத்திரத்தில் தகராறு பண்ணும். பாத்திரத்தில் குற்றமில்லை. மாடித் தொட்டித் தண்ணீர் குற்றவாளி.

கணக்கைப் பாருங்கள். 1 கிராம் ஆவி தண்ணீராக மாறும்போது 540 கலோரி வெப்பத்தை வெளிவிடும். அந்தத் தண்ணீர் 100இலிருந்து 40 டிகிரிக்கு ஆற இன்னும் 60 கலோரி. ஆக 1 லிட்டர் தீநீருக்கு 600 கிலோகலோரியைக் குளிர்நீர் வாங்கிக்கொள்ள வேண்டும். 20 லிட்டர் பக்கெட்டில் 30 டிகிரித் தண்ணீர் இருந்து, அது 40 வரை சூடேறலாம் என்று வைத்தால், அந்தப் பக்கெட் வாங்கிக்கொள்வது 200 கிலோகலோரிதான். அதாவது ஒரு பக்கெட்டுக்கு 330 மில்லி. 1 லிட்டருக்கு மூன்று பக்கெட்.

இப்போது மே மாதம் மதியம் 2 மணிக்கு மாடித் தொட்டியிலிருந்து பிடியுங்கள். 36 டிகிரியில் வருகிறது என்று வையுங்கள். 40க்கு நாலே டிகிரி மிச்சம். அதே பக்கெட் 130 மில்லியோடு கைவிரித்துவிடும். 2003 மே 31 அன்று இந்த ஊரில் 45 டிகிரி அடித்தது. அப்படி ஒரு நாளில் மாடித் தண்ணீரைக் குளிர்நீர் என்று சொல்லவே முடியாது.

இதற்கு நான் கண்ட வழிகளில் முதலாவது, நேரத்தை மாற்றுவது. சித்திரை, வைகாசியில் விடியற்காலை நாலரை மணிக்கு அடுப்பை மூட்டினால் ஏழு மணிக்குள் வேலை முடிந்துவிடும். இரண்டாவது, மாடித் தொட்டியை விட்டுவிட்டுத் தரைக்கடியில் இருக்கும் சம்ப்பிலிருந்து இறைப்பது. வெயில் படாத தண்ணீர் என்பதால் மதியத்தில்கூட வித்தியாசம் கையில் தெரியும். மூன்றாவது ஐஸ். ஐஸ் உருகும்போதே கிராமுக்கு 80 கலோரி வாங்கிக்கொள்ளும். உருகிய தண்ணீர் 40 டிகிரி வரை ஏறும்போது இன்னொரு 40. கிராமுக்கு 120 ஆகிறது. அப்படியானால் 1 லிட்டர் தீநீருக்கு 5 கிலோ ஐஸ். ஃபிரிட்ஜில் ஒரு தட்டு ஐஸ் கட்டியை எடுத்துப் போட்டுவிட்டு "ஐஸ் போட்டும் ஆறலையே" என்று வருத்தப்படுவதில் பயனில்லை என்பது இதிலிருந்து புரியும். 1 லிட்டர் தண்ணீர் பாட்டில்களில் முக்கால் பாகம் நிரப்பி முந்தின நாளே உறையவைத்து, பக்கெட்டுக்குள் ஒவ்வொன்றாக முக்கினால் ஐஸும் வீணாகாது, தண்ணீரும் வழியாது.

தண்ணீரை ஓடவிட்டுக் கீழே கொட்டுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற ஊர் இது. சூடான பக்கெட்டை ஓரமாக வைத்தால் பாத்திரம் கழுவ, குளிக்க ஆகும். ஏர் கூலரில் இருக்கும் சின்ன பம்ப்பை வைத்து இரண்டு பக்கெட்டுக்கு நடுவே சுற்றவிட்டாலும் நல்லது.

இவ்வளவு செய்தும் ஆவி வந்தால் சுருளைப் பாருங்கள். எங்கள் தெருவில் ஏசி மெக்கானிக் ஒருவர் இருக்கிறார், என்னைவிடப் பத்து வயது சின்னவர். என் பக்கெட்டை எட்டிப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தையில் பிடித்துவிட்டார்.

"அண்ணே, மேல்தண்ணி கொதிக்குது, கீழ்த்தண்ணி ஜில்லுனு இருக்கு. கைய உட்டுப் பாருங்க."

விட்டுப் பார்த்தேன். முழங்கை வரை உள்ளே போனதும் மூன்று பருவம் தெரிந்தது. விரல் முனையில் குளிர்ச்சி, மணிக்கட்டில் வெதுவெதுப்பு, முழங்கைக்குக் கீழே சூடு பொறுக்கவில்லை. சூடான தண்ணீர் மேலேயே மிதந்துகொண்டிருந்தது. நான் புதுத் தண்ணீரையும் மேலேயே ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னபடி ஒரு குழாயை அடிவரை இறக்கி, புதுத் தண்ணீரை அடியில் விட்டு, சூடானதை மேல் விளிம்பிலிருந்து வழியவிட்டேன். ஆவி மேலிருந்து கீழே இறங்குகிறது, தண்ணீர் கீழிருந்து மேலே ஏறுகிறது. கடைசியாகத் தீநீர் வெளியேறும் இடத்தில் எப்போதும் புதுத் தண்ணீர். அன்றே ஆவி நின்றது. சுருள் மேலிருந்து கீழே ஒரே சரிவாக இறங்கவேண்டும் என்றும் அவர்தான் சொன்னார்: "நடுவுல தொங்குச்சுன்னா அங்க தண்ணி நிக்கும்ணே, அப்புறம் குபுக் குபுக்னுதான் வரும்."

எல்லாம் சரியாக இருந்தும் ஆவி வருகிறதென்றால் தீ அதிகம். 1 லிட்டர் தண்ணீரை ஒரு மணி நேரத்தில் ஆவியாக்க ஏறக்குறைய 630 வாட் பாத்திரத்துக்குள் போனால் போதும். 2000 வாட் இண்டக்‌ஷனை முழுக்கத் திருகிவிட்டு ஒரு பக்கெட்டை நம்புவது நடக்காது. கொதி வரும் வரை முழுத் தீ, முதல் சொட்டு விழுந்ததும் பாதிக்கும் கீழே. என் அளவு இதுதான்: 100 மில்லி கிளாஸ் நிரம்ப 8 முதல் 10 நிமிடம் ஆகவேண்டும். 5 நிமிடத்தில் நிரம்பினால் தீயைக் குறைக்கிறேன்.

உள்ளே தளதளவென்று கொதிக்கும் சத்தம், வெளியே ஒரு சொட்டும் இல்லை

மூன்று இடத்தைப் பாருங்கள்.

மூடி விளிம்பில் முகக்கண்ணாடியையோ எவர்சில்வர் தட்டையோ காட்டுங்கள். மூடுபனி பிடித்தால் அங்கே கசிகிறது. குக்கர் கேஸ்கட் தளர்ந்திருந்தால் மாற்றவேண்டும். சாதாரணப் பானையும் மூடியும் என்றால் கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து விளிம்பு முழுக்க அப்புங்கள். சித்த மருத்துவத்தில் சீலைமண் செய்வது இதற்குத்தான்: மண் தடவிய துணியை விளிம்பில் சுற்றி ஆவி போகாமல் அடைப்பது. மாவுப் பசைக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. உள்ளே அழுத்தம் ஏறினால் அதுவே முதலில் பிய்த்துக்கொண்டு வழிவிடும். அதனால் எம்-சீல், ஃபெவிக்விக் மாதிரி எதையும் போட்டு அடைக்காதீர்கள்.

அடுத்தது மின்விசிறி. புழுக்கம் தாங்காமல் சமையலறையில் விசிறியைப் போட்டிருப்போம். காற்று மூடியிலும் மேல்குழாயிலும் பட்டு, ஆவி அங்கேயே தண்ணீராகி மறுபடி பாத்திரத்துக்குள் சொட்டும். கொதிக்கும், வேலை செய்யும், வெளியே மட்டும் வராது. பழைய வேட்டித் துண்டைப் பாத்திரத்தின் மேல்பாதியிலும் மூடியிலும், பக்கெட் வரையிலான குழாயிலும் சுற்றுங்கள். பாதுகாப்பு வால்வை மட்டும் துணி மூடக்கூடாது. கேஸ் அடுப்பென்றால் துணி தீக்குத் தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்குப் பிறகு சில நிமிடத்தில் சொட்டு விழவேண்டும்.

மூன்றாவது இடம் குழாய். அடைப்பா என்று பார்ப்பதை அடுப்பை அணைத்து, பாத்திரம் ஆறியபின்தான் செய்யவேண்டும்.

வெப்பமானி 100க்கு மேல் போகிறது

அடுப்பை உடனே அணையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

திறந்த குழாயுள்ள பாத்திரத்தில் தண்ணீர் 100ஐத் தாண்ட வாய்ப்பே இல்லை. தாண்டுகிறதென்றால் குழாய் திறந்தில்லை, உள்ளே அழுத்தம் ஏறுகிறது. 102 டிகிரி என்பது பார்க்கச் சின்ன எண். ஆனால் அப்போதே உள்ளே வெளிக்காற்றைவிட 7, 8 விழுக்காடு அதிக அழுத்தம் இருக்கிறது. 105இல் ஐந்தில் ஒரு பங்கு அதிகம். குக்கர் சாதாரணமாக வெயிட்டோடு 120 டிகிரி வரை தாங்கும்படி செய்யப்பட்டது, ஆனால் சிலிக்கான் குழாய் இணைப்பு அப்படியல்ல. கழன்று அடித்தால் முகத்தில்தான் அடிக்கும்.

எனக்கு ஒருமுறை இது நடந்தது. பேராசையில் 350 கிராம் ஓமம், தண்ணீரைக் கழுத்து வரை. ஓமம் ஊறிக் கொதிக்கும்போது நுரைத்துப் பொங்கும். நுரையோடு விதைகள் மேலேறி, வெயிட் குழாயின் சின்ன ஓட்டையில் போய் உட்கார்ந்துகொண்டன. சொட்டு நின்றது. "தண்ணி தீர்ந்துடுச்சோ" என்று நினைத்தபடி நான் பாத்திரத்தின் மேலேயே குனிந்தேன். பாதுகாப்பு வால்வு பிய்த்துக்கொண்டு சமையலறைக் கூரை வரை ஓமத் தண்ணீர் அடித்தது. அரை அடி தள்ளித் தலை இருந்ததால் காது மடலில் ஒரு கொப்புளத்தோடு போயிற்று. அந்த வால்வில் கம்பியைச் சுற்றியோ ஆணியை அடித்தோ வைத்திருக்கும் பழைய குக்கர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட குக்கரில் இதைச் செய்யவே வேண்டாம்.

அன்றிலிருந்து ஓமமும் தண்ணீருமாக ஏறக்குறையப் பாதிப் பாத்திரத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். ஓமத்தை மெல்லிய வெள்ளைத் துணியில் தளர்வாக முடிந்து போடுகிறேன். இறுக்கி முடிந்தால் உள்ளே இருக்கும் விதை வேகாது. கற்பூரம் சேர்த்து வடிக்க ஆசைப்பட வேண்டாம். அது ஆவியாகிப் போய்க் குளிர்ந்த குழாயில் கட்டியாகப் படியும், குழாயை முழுதாக அடைத்துவிடும்.

அணைத்தபின் மூடியைத் திறக்காதீர்கள், குழாயைப் பிடுங்காதீர்கள். தானாக ஆறட்டும். அரை மணி நேரம் போனாலும் பரவாயில்லை. குழந்தைகள் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெப்பமானி 95, 96இலேயே நிற்கிறது, ஆனால் சொட்டு நன்றாக விழுகிறது

கோளாறு தீநீரில் இல்லை, கருவியில். சென்னை கடல் மட்டத்தில் இருக்கிறது, தண்ணீர் 100இல் கொதிக்கும். கொடைக்கானலில் 2100 மீட்டர் உயரத்தில் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே இருப்பவர் 93 பார்த்தால் அது சரி. இங்கே புயல் கரையேறும் நாளில்கூட ஏறக்குறைய ஒரு டிகிரிக்கு மேல் குறையாது.

ஓமத்திலிருக்கும் எண்ணெய் இதைக் குறைக்காதா என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. ஓமத்தின் வாசத்துக்குக் காரணமான தைமால் தனியாக 232 டிகிரியில் கொதிக்கும். தண்ணீரோடு கலக்காத எண்ணெய் பக்கத்தில் இருக்கும்போது, தண்ணீரின் ஆவியும் எண்ணெயின் ஆவியும் தனித்தனியாகத் தள்ளுகின்றன. இரண்டின் தள்ளலும் சேர்ந்து வெளிக்காற்றின் அழுத்தத்தை எட்டினால் போதும், கொதி வந்துவிடும். 232இல் கொதிக்கும் பொருள் 100க்கும் கீழே ஆவியோடு தொற்றிக்கொண்டு வருவது இப்படித்தான். ஆனால் தைமாலின் தள்ளல் அந்தச் சூட்டில் மிகக் கொஞ்சம். கொதிநிலை ஒரு டிகிரிகூடக் குறையாது. 95க்கு அது காரணம் ஆகாது.

வெப்பமானியைச் சோதிக்க, ஒரு டம்ளரில் ஐஸை நொறுக்கிக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி முனையை முக்குங்கள், 0 காட்டவேண்டும். கொதிக்கிற வெறும் தண்ணீரின் ஆவியில் காட்டினால் 100. எத்தனை தள்ளிக் காட்டுகிறதோ அதை ஒரு பிளாஸ்திரியில் எழுதி அதன்மேலேயே ஒட்டிவிடுங்கள்.

கொரோனா காலத்தில் வாங்கிய, நெற்றியில் காட்டும் துப்பாக்கி வெப்பமானியை எடுத்துவராதீர்கள். அது உடம்புச் சூட்டுக்கு மட்டும். தொழிற்சாலைத் துப்பாக்கி வகையும் பளபளக்கும் எவர்சில்வரில் மிகக் குறைவாகக் காட்டும், பளபளப்பு பக்கத்துச் சுவரின் சூட்டைப் பிரதிபலிப்பதால். பாத்திரத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன்மேல் காட்டினால் ஓரளவு சரியாக வரும். நான் ரிச்சி தெருவில் வாங்கிய கம்பி முனை வெப்பமானியைத்தான் பயன்படுத்துகிறேன். மூடியை விட்டு ஆவி வெளியேறும் இடத்தில் குழாயோடு ஒட்டிக் கட்டி, மேலே துணி சுற்றிவிடுவேன். ஒன்றிரண்டு டிகிரி குறைவாகக் காட்டும், அது பழகிவிடும். முனை மூடிக்கு ரொம்ப மேலே, காற்றுப்படும் இடத்தில் இருந்தால் 90ஐக்கூடக் காட்டும்.

குபுக்கென்று வருகிறது, நிற்கிறது, மறுபடி குபுக்

சுருள் தொங்காமல் சரிவாக இருந்தும் இப்படி வந்தால் இண்டக்‌ஷன் அடுப்பைப் பாருங்கள். விலை குறைந்த அடுப்புகள் பல, குறைந்த அளவில் வைத்தால் தொடர்ந்து குறைவாக எரிவதில்லை. சில நொடி முழுச் சக்தியில் எரிந்து, சில நொடி அணைந்து, சராசரியைக் காட்டுகின்றன. காதை வைத்துக் கேட்டால் அந்த ஊம் சத்தம் விட்டுவிட்டு வருவது தெரியும். சாம்பார் சுடவைக்க இது தொந்தரவில்லை. வடிக்கும்போது ஒவ்வொரு முறை அணையும்போதும் உள்ளே ஆவி சுருங்கி, குழாயில் வந்துகொண்டிருந்ததைப் பின்னால் இழுக்கும்.

விட்டுவிட்டு எரியாமல் ஓடும் மிகக் குறைந்த அளவு எதுவென்று உங்கள் அடுப்பில் தேடிப் பிடியுங்கள். என்னுடையதில் அது 800 வாட். அந்த வேகத்துக்குக் குளிர்நீரை ஏற்பாடு செய்யுங்கள். முடியாவிட்டால் கேஸுக்கு மாறி, சின்ன பர்னரில் இரும்பு தோசைக்கல்லை வைத்து அதன்மேல் பாத்திரத்தை வையுங்கள். கல் சூட்டைத் தேக்கிவைத்துச் சீராகக் கொடுக்கும்.

இதோடு சேர்ந்த ஒரு எச்சரிக்கை. குழாய் முனை, சேரும் பாட்டிலின் தண்ணீருக்குள் முங்கியிருக்கக் கூடாது. அடுப்பை அணைத்ததும் உள்ளே வெற்றிடமாகி, இறங்கிய தீநீர் முழுவதையும் பாத்திரம் திரும்பக் குடித்துவிடும். முனைக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி எப்போதும் வேண்டும்.

கருகல் வாசம்

அடிப்பிடித்திருக்கிறது. தீநீரில் ஏறிய கருகலை எதனாலும் எடுக்க முடியாது, கொட்டிவிடுங்கள்.

ஓமத்தைவிட ரோஜாவில்தான் இது அதிகம். கோயம்பேட்டில் விடியற்காலையில் வாங்கிய பன்னீர் ரோஜா இதழ்கள் கொதிக்கும்போது கூழாகி அடியில் படியும். தண்ணீர் 100ஐத் தாண்டாவிட்டாலும், கூழுக்கு அடியிலிருக்கும் உலோகம் தாண்டும். கூழ் மூடியிருப்பதால் தண்ணீர் அதைத் தொட்டு ஆற்ற முடிவதில்லை. அடியில் தண்ணீர் மட்டும், அதற்குமேல் இட்லித் தட்டு, தட்டின்மேல் இதழ் என்று வைத்தால் இந்தத் தொல்லை தீர்ந்தது. ஓமத்துக்கும் அடியில் ஒரு சின்னத் தட்டைக் கவிழ்த்துப்போட்டால் நல்லது. எந்தப் பொருளானாலும் பாத்திரத்தில் தண்ணீர் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போகும்வரை இறக்காதீர்கள். இரண்டரை லிட்டரில் 1 லிட்டரோடு நான் நிறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கருகல் வேறு, வெந்த இலை வாசம் வேறு. புதிதாக இறக்கிய தீநீரில், வேகவைத்த கீரை போல ஒரு வாசம் லேசாக இருக்கும். பாட்டில் வாயைச் சுத்தமான துணியால் கட்டி ஒருநாள் ஃபிரிட்ஜில் வைத்தால் போய்விடும். ரப்பர் வாசம் வந்தால் கேஸ்கட் அல்லது குழாய். அவற்றோடு வெறும் தண்ணீரை ஒருமுறை கொதிக்கவைத்துக் கொட்டுங்கள். மீன் தொட்டிக்குப் போடும் பிளாஸ்டிக் குழாய் ஆவிச் சூட்டுக்கு ஆகாது, வாசம் மட்டுமல்ல, அதிலுள்ள ரசாயனமும் இறங்கும்.

முதலில் நல்ல காரம், போகப்போக வெறும் தண்ணீர்

இது கோளாறல்ல, ஓமத்தின் இயல்பு. எண்ணெயின் பெரும்பகுதி முதலிலேயே வந்துவிடும். இங்கே வெப்பமானி உங்களுக்கு உதவாது, முதல் சொட்டிலும் கடைசிச் சொட்டிலும் அது ஒன்றையேதான் காட்டும். பத்து சின்ன கிளாஸ்களை வரிசையாக வைத்து, 100 மில்லிக்கு ஒன்றாகப் பிடியுங்கள். ஆறியதும் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு எடுத்து, ஒரு ஸ்பூன் தண்ணீரில் கலந்து நாக்கில் வையுங்கள். முதல் கிளாஸ் நாக்கைச் சுருக்கென்று பிடிக்கும். மூன்றாவதில் காரம் இறங்கி வாசம் தூக்கும். எட்டாவது, ஒன்பதாவதில் ஓமப்பொடி சாப்பிட்டபின் வாயில் நிற்கும் அளவு மட்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்தால் ஓமத் தீநீர். பத்தாவது கிளாஸில் ஒன்றுமே இல்லையென்றால் அடுத்த முறை ஒன்பதோடு நிறுத்துங்கள்.

வெட்டிவேர் இதற்கு நேர் எதிர். அதன் எண்ணெய் கனமானது, மெதுவாகத்தான் கிளம்பும். எண்ணெய் எடுக்கிற இடங்களில் 12 மணி, 24 மணி என்று வடிப்பார்கள். ஒரு மணி நேரத்தில் "வாசமே வரலை, தீயைக் கூட்டுறேன்" என்று அவசரப்பட்டால் ஆவிதான் வீணாகும். வேரைச் சின்னதாக நறுக்கி முந்தின நாளே ஊறவைத்து, குறைந்த தீயில் நாலைந்து மணி நேரம் விடுங்கள். நடுவில் தண்ணீர் குறைந்தால் அடுப்பை அணைத்து, ஆறவிட்டு, சுடுநீரையே ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் மறுபடி கொதி வர வெகுநேரமாகும்.

தீநீர் பால் போலக் கலங்கியிருக்கிறது, அல்லது ஃபிரிட்ஜில் கண்ணாடித் துகள் மாதிரி மிதக்கிறது

சூடு தப்பிவிட்டதோ என்று இதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. கலங்கல் என்பது கரையாத எண்ணெய்த் துளிகள். நல்ல ஓமம் என்பதற்கு அடையாளம். அசையாமல் வைத்தால் மேலே மெல்லிய படலமாகத் திரளும். தைமால் 50 டிகிரி அளவில் உருகும் பொருள், அதனால் குளிரில் சில சமயம் படிகமாக இறங்கும். நாட்டு மருந்துக் கடையில் ஓம உப்பு என்று கேட்டால் கொடுப்பது அதைத்தான்.

ஆனால் அந்தப் படலத்தையும் படிகத்தையும் அப்படியே குடிக்கக்கூடாது. அது செறிவான எண்ணெய்; வாயையும் வயிற்றையும் எரித்துவிடும். வாயகன்ற பாத்திரத்தில் ஊற்றி ஒரு இரவு வைத்து, மேல்படலத்தை வெள்ளைத் துணியில் வடிகட்டி எடுத்துவிட்டு, தெளிந்ததை மட்டும் பாட்டிலில் அடையுங்கள். கைக்குழந்தைக்குக் கொடுக்க நினைக்கிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வீட்டில் இறக்கியதைக் கொடுக்க வேண்டாம். கடையில் விற்பது அளவு பார்த்துச் செய்தது, நம்முடையதில் காரம் ஒவ்வொரு முறையும் மாறும். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும், அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனையும் இருக்கின்றன. அங்கே போய்க் கேட்கலாம்.

கொதிக்கவைத்து ஆறிய கண்ணாடிப் பாட்டிலில், ஃபிரிட்ஜில் வைத்தால் ஓமத் தீநீர் சில வாரம் தாங்கும். ரோஜா அவ்வளவு நாள் வராது. அடியில் நூல் நூலாகவோ பஞ்சு போலவோ ஏதாவது தெரிந்தால் முகர்ந்துகூடப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள். பாட்டிலில் தேதியையும், அன்று குளிர்நீர் எத்தனை பக்கெட் செலவானது என்பதையும் எழுதிவைக்கிறேன். அடுத்த சித்திரையில் நாலரை மணிக்கு எழுந்து எத்தனை பாட்டில் ஐஸ் வேண்டும் என்று யோசிக்கும்போது அந்த எண்தான் கைகொடுக்கிறது.